ஹைசன்பர்க்கும் ஐந்து சொற்களும்

வெர்னர் ஹைசன்பர்க் என்ற பெயரைக் கேட்டவுடன் பௌதிகம் பயிலும் நமக்கு நினைவில் எழுவது நிச்சயமின்மைக் கோட்பாடு. சிலர் அதனை ஐயப்பாட்டுக் கொள்கை என்றும் எழுதுவர். இரண்டும் ஆங்கிலச் சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. அவரோ ஜெர்மன் மொழியில் எழுதியவர். அம்மொழியில் அவர் எந்தச் சொல்லை ஆண்டார், ஏன் ஆண்டார், பின்னர் ஏன் மாற்றினார் என்று தேடிப் பார்த்தபோது, அவருடைய வாழ்க்கை வரலாறே அச்சொற்களின் வரலாறாக எனக்குத் தோன்றியது. அதனை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் எனக்குத் தனி ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. ஆனால் அவை இயங்கிய காலத்தில் ஒரே சுரங்கத்துக்குள் இருவகை நிச்சயமின்மைகள் குடியிருந்தன. ஒன்று, எந்த நேரத்தில் பாறை வெடிக்குமோ என்று தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சிய நிச்சயமின்மை. மற்றொன்று, அதே பாறைக்கு அடியில் கருவிகளை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்த நிச்சயமின்மை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? ஹைசன்பர்க்கின் கதையே இதற்கு விடை கூறும்.

அவர் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஆகஸ்ட் ஹைசன்பர்க் பழம்பெரும் மொழிகளைக் கற்பித்த ஆசிரியர். 1910-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இடைக்கால, பிற்காலக் கிரேக்கத்துக்குப் பேராசிரியரானார். தாயைப் பெற்ற பாட்டனாரும் கிரேக்கப் புலவரே. சொல்லின் வேரையும் விகுதியையும் ஆராய்வது அன்றாடத் தொழிலாக இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, 1919-இல், முதல் உலகப் போருக்குப் பின் மியூனிக் நகரம் கலவரத்தில் கிடந்தபோது, பிளேட்டோவின் திமேயு என்னும் நூலைக் கிரேக்க மூலத்திலேயே படித்துக்கொண்டிருந்தான். பொருளின் மிக நுண்ணிய கூறு எது என்ற கேள்வி அந்நூலிலிருந்தே அவன் உள்ளத்தில் ஊன்றியது.

1920-இல் அவர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சோமர்ஃபெல்டு என்னும் பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். மூன்றே ஆண்டில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வுரை எழுதி முடித்தார். ஆனால் 1923-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்த வாய்மொழித் தேர்வில் பேரிடி காத்திருந்தது. செய்முறைப் பௌதிகப் பேராசிரியர் வீன் அவரை நோக்கி, நுண்ணோக்கி ஒன்று எவ்வளவு சிறிய இடைவெளியைப் பிரித்துக்காட்ட வல்லது என்பதைக் கணக்கிடுமாறு கேட்டார். இளைஞர் விழித்தார். சாதாரண மின்கலம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கும் சரியான விடை வரவில்லை. தோல்வியே தரவேண்டும் என்பது வீனின் கருத்து. சோமர்ஃபெல்டு தலையிட்டதால், கடைசித் தரத்தில் தேறியதாக முடிவாயிற்று. நாம் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறும்போது மனம் தேற்றிக்கொள்ள இது நல்ல சான்று. ஆயினும் நுண்ணோக்கிக் கேள்வி அவரை அத்தோடு விட்டுவிடவில்லை.

இனி, சொற்களைச் சற்றுப் பார்ப்போம். ஜெர்மன் மொழியில் எதிர்மறைப் பண்புப் பெயர் ஆக்குவது தச்சன் பலகை பொருத்துவது போன்றது. நடுவே ஒரு பண்புச் சொல். அதன் முன்னே 'உன்' என்னும் முன்னொட்டு. இந்த 'உன்' நம் முன்னிலைப் பெயரன்று. இல்லை என்று மறுக்கும் ஒட்டு. வடமொழியில் அநிச்சயம் என்பதன் முன்னே நிற்கும் எதிர்மறை எழுத்துக்கு அது தூரத்து உறவு. பின்னே 'ஹைட்' அல்லது 'கைட்' என்னும் விகுதி. 'ஹைட்' ஒரு காலத்தில் தன்மை, நிலை என்று பொருள்பட்டுத் தனித்து நின்ற சொல். நாளடைவில் தேய்ந்து விகுதியாயிற்று. தமிழோ மறுப்பை முன்னே வைப்பதில்லை. தெளிவு என்பதோடு 'இன்மை' சேர்த்துத் தெளிவின்மை என்கிறோம். அவர்கள் வாசலிலேயே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பின்னர் இல்லை என்கிறோம்!

இம்முறையில் பிறந்த ஐந்து சொற்கள் நமக்குத் தேவை. 'கெனாவ்' என்றால் துல்லியம். அதிலிருந்து உன்கெனாவிக்கைட், துல்லியமின்மை. 'சிஹர்' என்றால் பாதுகாப்பு, உறுதி; கவலையற்ற என்று பொருள்படும் லத்தீன் சொல் திரிந்து வந்தது அது. அதிலிருந்து உன்சிஹர்ஹைட், உறுதியின்மை. 'கெவிஸ்' என்பது அறிதல் என்னும் வேரிலிருந்து வந்தது. அதிலிருந்து உன்கெவிஸ்ஹைட், அறியவொண்ணாமை. 'ஷ்டிம்மெ' என்றால் குரல். குரல் கொடுத்து முடிவு செய்யப்பட்டது 'பெஷ்டிம்ட்'. அதிலிருந்து உன்பெஷ்டிம்ட்ஹைட், வரையறையின்மை. 'ஷார்ஃப்' என்றால் கூர்மை. அதிலிருந்து உன்ஷேர்ஃபெ, கூர்மையின்மை. கண்ணாடி வில்லையில் உருவம் மங்கித் தெரிவதைச் சொல்வது. இவற்றுக்கு அப்பால் ஐயத்துக்கு ட்ஸ்வைஃபெல் என்றொரு சொல் உண்டு. அதன் வேர் இரண்டு என்னும் எண். நாமும் இருமனம் என்கிறோமன்றோ! மனித மனம் எங்கும் ஒன்றே போலும்.

ஐந்தையும் கூர்ந்து நோக்குங்கள். துல்லியமின்மை அளவுகோலின் குறை. உறுதியின்மையும் அறியவொண்ணாமையும் அளப்பவன் உள்ளத்தின் குறை. கூர்மையின்மை தெரியும் உருவத்தின் குறை. வரையறையின்மை மட்டும் யாருடைய குறையும் அன்று; பொருளே அப்படித்தான் இருக்கிறது என்பது அதன் கருத்து. எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து, இயற்கையைப் பற்றி நாம் கூறும் செய்தியே மாறிவிடுகிறது.

மியூனிக்கை விட்டுக் கோட்டிங்கன் நகருக்குச் சென்ற ஹைசன்பர்க், அங்கே மாக்ஸ் போர்ன் என்பவரிடம் உதவியாளரானார். 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூந்துகள் ஒவ்வாமையால் அவருடைய முகம் வீங்கிவிட்டது. புல்லும் பூவும் அரிதான ஹெல்கோலாந்து என்னும் கடல் தீவுக்குப் போய்த் தங்கினார். எலெக்ட்ரான் அணுவுக்குள் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. காணமுடியாத பாதையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, வெளிவரும் ஒளியின் அதிர்வெண், செறிவு ஆகியவற்றை மட்டும் கொண்டு கணக்கை அமைத்தால் என்ன என்று அவர் முயன்றார். பின்னிரவு 3 மணி அளவில் கணக்கு ஒத்துவந்தது. உறக்கம் வராமல் தீவின் முனையிலிருந்த பாறைமீது ஏறிக் கதிரவன் உதயத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 23. அக்கணக்கில் இருப்பவை அணிகள் என்று கண்டுகொண்டவர் போர்ன். யோர்டான் என்பவரும் சேர்ந்து மூவருமாக அதனை முழு இயக்கவியலாக்கினர்.

1926-இல் அவர் கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் சென்றார். கணக்குச் சரி, அதன் பொருள் என்ன? இருவரும் இரவு பகலாக வாதிட்டுக் களைத்தனர். 1927-ஆம் ஆண்டு பிப்ரவரியில் போர் பனிச்சறுக்கு விளையாட நார்வே சென்றுவிட்டார். தனிமையில் ஹைசன்பர்க்குக்கு வழி பிறந்தது. எலெக்ட்ரானின் இடத்தை அறியவேண்டுமானால் அதன்மீது ஒளி பட்டுத் திரும்பவேண்டும். இடத்தை நுட்பமாக அறியச் சிற்றலை ஒளி, அதாவது காமா கதிர், வேண்டும். ஆனால் சிற்றலை ஒளி பலமாக இடித்து எலெக்ட்ரானின் உந்தத்தை மாற்றிவிடும். பேரலை ஒளி மெதுவாக இடிக்கும். ஆனால் இடம் மங்கிவிடும். இடத்தின் துல்லியமின்மையையும் உந்தத்தின் துல்லியமின்மையையும் பெருக்கினால் வரும் தொகை, பிளாங்கு மாறிலி விதிக்கும் ஓர் எல்லைக்குக் கீழே போகாது. இக்கருத்தை முதலில் நண்பர் பௌலிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். மார்ச்சு மாதம் கட்டுரையாக அனுப்பிவிட்டார்.

போர் திரும்பிவந்து படித்தார். நுண்ணோக்கி பற்றிய விளக்கத்தில் பிழை இருப்பதைச் சுட்டினார். ஒளி இடித்தது என்பது மட்டும் போதாது. எந்தத் திசையில் திரும்பியது என்று தெரிந்தால் இடியின் அளவைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே! நுண்ணோக்கியின் வில்லை அகன்றிருப்பதால் ஒளி அதற்குள் எத்திசையில் நுழைந்தது என்பது தெரியாமற்போகிறது, அங்கேதான் சூட்சுமம். வீன் கேட்ட அதே கேள்வி நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வாசலில் வந்து நின்றது! கட்டுரையை நிறுத்திவைக்குமாறு போர் வற்புறுத்த, இளைஞர் கண்ணீர் விடும் அளவுக்கு வாக்குவாதம் முற்றியது. இறுதியில் இறுதிக் குறிப்பொன்றில் போரின் திருத்தத்தை ஒப்புக்கொண்டு வெளியிட்டார்.

நம் சொல்லாராய்ச்சிக்கு இதுவே முக்கியமான இடம். கட்டுரையின் உடலில் அவர் பெரும்பாலும் ஆண்டது துல்லியமின்மை என்னும் சொல். போரின் திருத்தத்தை ஏற்ற இறுதிக் குறிப்பிலோ உறுதியின்மை என்று மாற்றினார். பின்னாளில் வரையறையின்மை என்னும் சொல்லையே அவர் விரும்பி ஆண்டார். அளவுகோலில் தொடங்கி, அறிபவனைக் கடந்து, பொருளில் வந்து நின்றிருக்கிறார். தம் கண்டுபிடிப்பின் ஆழத்தைத் தாமே படிப்படியாக உணர்ந்ததன் சுவடு அது என்று நான் கருதுகிறேன்.

அவ்வாண்டே லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது அவருக்கு வயது 25. 1929-இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1930-இல் ஆங்கில நூலாக வெளிவந்தபோது உறுதியின்மைக்கு இணையான ஆங்கிலச் சொல்லே இடம்பெற்றது. உலகமும் அதனையே பற்றிக்கொண்டது. நம் தமிழ்ச் சொல்லும் அவ்வழி வந்ததே. ஜெர்மானியரோ இன்று பேச்சில் பெரும்பாலும் கூர்மையின்மைத் தொடர்பு என்கின்றனர்.

அப்பயணத்தில் அவர் ஜப்பான் வழியாக இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவில் தாகூரைக் கண்டார். 1929 அக்டோபரில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது, அவரை உடனிருந்து கவனிக்கும் பொறுப்பு ஓர் இளம் மாணவருக்குக் கிடைத்தது. இருவரும் கடற்கரைச் சாலையில் வண்டியில் உலவியபடி பௌதிகம் பேசினர். அம்மாணவரே பின்னாளில், 1983-இல், நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். மாணவர் மன்றங்கள் அறிஞரை அழைப்பதன் பயன் என்ன என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

1932-ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு ஹைசன்பர்க்குக்கு 1933-இல் வழங்கப்பட்டது. அதே 1933-இல் ஜெர்மனி நாஜிகளின் கைக்குப் போயிற்று. யூதரான ஐன்ஸ்டைனின் கொள்கையைக் கற்பித்த குற்றத்துக்காக 1937-இல் நாஜிப் படையினரின் ஏடு அவரைத் துரோகி போலச் சித்திரித்துத் தாக்கியது. விசாரணை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. 1939 கோடையில் அமெரிக்கா சென்றபோது நண்பர்கள் அங்கேயே தங்குமாறு வேண்டினர். அவர் மறுத்துத் தாய்நாடு திரும்பினார். போர் மூண்டதும் யுரேனிய ஆராய்ச்சியில் அமர்த்தப்பட்டார்.

1941-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த கோப்பன்ஹேகனுக்குச் சென்று தம் ஆசானாகிய போரைத் தனியே சந்தித்தார். அணுகுண்டு பற்றிய பேச்சு எழுந்தது. அதற்குப்பின் அந்த நட்பு பழையபடி ஆகவில்லை. என்ன சொல்ல வந்தார்? குண்டு செய்யவேண்டாம் என்று உலக விஞ்ஞானிகள் கூடி முடிவெடுக்கலாம் என்ற எண்ணத்தோடு சென்றதாக ஹைசன்பர்க் தரப்பு கூறியது. ஜெர்மனி வெல்லும், குண்டும் ஆகும் என்ற தொனியே தமக்குக் கேட்டதாகப் போர் நினைவுகூர்ந்தார். அவர் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள் 2002-இல் வெளியாயின. பேசியவர் இருவர், நினைவுகளும் இரண்டு. இதற்கு ஏற்ற சொல் உன்கெவிஸ்ஹைட், அறியவொண்ணாமை. அன்று பேசப்பட்ட சொற்கள் திட்டமாகத்தான் இருந்தன, நமக்குத்தான் எட்டவில்லை. இதனையும் எலெக்ட்ரானின் வரையறையின்மையையும் ஒன்றாக்கி, எல்லாமே நிச்சயமற்றது என்று அவருடைய செயலுக்குச் சமாதானம் கூறுவோர் உளர். அது பொருந்தாது. மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி. எலெக்ட்ரான் அவனுக்குச் சாட்சிக்கு வராது.

ஜெர்மானியர் குண்டு செய்து முடிக்கவில்லை. போர் ஓய்ந்ததும் ஹைசன்பர்க்கையும் வேறு ஒன்பது விஞ்ஞானிகளையும் இங்கிலாந்தில் ஃபார்ம் ஹால் என்னும் மாளிகையில் 1945 ஜூலை முதல் 1946 ஜனவரி வரை காவலில் வைத்தனர். ஹிரோஷிமாச் செய்தி அங்கேதான் அவர்கள் காதில் விழுந்தது. விடுதலைக்குப்பின் கோட்டிங்கனிலும், 1958 முதல் மியூனிக்கிலும் மாக்ஸ் பிளாங்கு பௌதிக நிலையத்தை நடத்தினார். மேற்கு ஜெர்மனி அணு ஆயுதம் ஏந்தலாகாது என்று 1957-இல் அறிக்கைவிட்ட 18 விஞ்ஞானிகளுள் அவரும் ஒருவர். 1976-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மியூனிக்கில் மறைந்தார்.

இப்போது எங்கள் தங்கவயலுக்கு வருவோம். அண்டவெளியிலிருந்து பொழியும் கதிர்கள் ஹைசன்பர்க்கும் ஆராய்ந்த பொருள்; 1943-இல் அதுபற்றி ஒரு நூலே தொகுத்தார். அக்கதிர்களின் விளைவாகப் பிறக்கும் நியூட்ரினோக்களைக் காண, மற்றத் துகள்களைத் தடுத்து நிறுத்தும் ஆழமான இடம் வேண்டும். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றான எங்கள் சாம்பியன் ரீஃப், 3 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கீழிறங்கியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களைச் சேர்ந்தோர் அங்கே ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே சமயத்தில் அது காணப்பட்டது. அந்த நியூட்ரினோ உண்டென்று 1930-இல் முதலில் ஊகித்தவர் ஹைசன்பர்க்கின் நண்பர் பௌலியே. பின்னர் 1980-களில், புரோட்டான் சிதைகிறதா என்றும் அங்கே பல ஆண்டுகள் காத்திருந்தனர். சில தடயங்கள் கிடைத்ததாகக் கருதினர். வேறு நாடுகளின் பெரிய கருவிகள் அதனை உறுதிசெய்யவில்லை.

விஞ்ஞானிகள் காத்திருந்த அதே சுரங்கத்தில்தான் என் தாத்தாவும் இறங்கினார். ஷிப்டு முடியும் சங்கு ஊதும்வரை எங்கள் ஆயா வாசற்படியில் நிற்பாராம். பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளும் அதிரும். எங்கே, எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது காரணமின்றி வெடிப்பதில்லை. தோண்டித் தோண்டி வெறுமையான இடத்தைச் சுற்றி மலையின் பாரம் கூடிக்கொண்டே போகிறது. தாங்காத கணத்தில் பாறை சிதறுகிறது. அழுத்தம் முழுவதையும் அளந்தறிந்தால் முன்கூட்டிச் சொல்லலாம். பொறியாளர்களும் அதிர்வு காட்டும் கருவிகளை வைத்து அதற்கே முயன்றனர். எனவே அது உறுதியின்மை, அறியவொண்ணாமை. அறிவு வளர்ந்தால் குறையும், குறைத்தே ஆகவேண்டும். ஏனெனில் அதன் விலை மனித உயிர்.

பாறையைத் துளைத்து வரும் மியூவான் துகளை எண்ணிப் பாருங்கள். அது சராசரியாக ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு நேரமே வாழும். ஆனால் குறிப்பிட்ட ஒரு மியூவான் எக்கணத்தில் மடியும் என்பதற்கு உள்ளே மறைந்திருக்கும் காரணம் எதுவும் குவாண்டம் கொள்கையில் இல்லை. எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் சராசரிதான் சொல்லலாம். இதுவே வரையறையின்மை. இதற்காக யாரையும் குறைகூற முடியாது. பாறை வெடிப்புக்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

துல்லியமின்மையும் வரையறையின்மையும் வேறுவேறு என்பது இந்நாளில் மேலும் தெளிவாகியிருக்கிறது. அளக்கும்போது நேரும் பிழைக்கும் கலக்கத்துக்கும் ஒரு கணக்கு, துகளின் இயல்பான பரவலுக்கு வேறொரு கணக்கு என்று ஜப்பானிய அறிஞர் ஓசாவா 2003-இல் காட்டினார். 2012-இல் வியன்னாவில் நியூட்ரான்களைக் கொண்டு அதனைச் சோதித்தும் பார்த்தனர். இளைஞர் ஹைசன்பர்க் ஒரே கட்டுரையில் சொல் மாற்றித் தடுமாறியதற்கு உண்மையான காரணம் இருந்ததென்பது இதனால் விளங்கும்.

ஆகவே நண்பர்களே, தமிழில் நாம் என்ன செய்யலாம்? ஐயம் என்பது நம் இலக்கண உரையாசிரியர் தெளிவாக விளக்கிய சொல். அந்தி மயக்கத்தில் தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று மயங்குவதே ஐயம். அருகே சென்றால் அது தீர்ந்துவிடும். எலெக்ட்ரானை எவ்வளவு அருகே சென்று பார்த்தாலும் தீராதே! ஆதலின் ஐயப்பாடு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. கருவியின் குறைக்குத் துல்லியமின்மை, அறிவின் குறைக்கு உறுதியின்மை, இயற்கையின் இயல்புக்கு வரையறையின்மை என மூன்றையும் பிரித்து வழங்குவோமாக. ஜெர்மானியர் குரலால் முடிவுசெய்ததை நாம் கோட்டால் வரைந்து முடிக்கிறோம், பொருள் ஒன்றே. மூன்று சொற்களும் நம்மிடம் முன்பே உள்ளன. இடமறிந்து வழங்கினால் போதும். அடுத்த தேர்வில் விடை எழுதும் நண்பர்கள் இதனைத் தொடங்கிவைக்கலாமே!